கழுதை ஏன் நின்றது?
வாசகர் கேள்வி – பதில்: விலங்குக் கதைமாந்தர்களும் ஆளுமை வகைகளும்

விலங்குகளை வைத்துக் கதை எழுதுவோர், படக்கதை வரைவோர், பிள்ளைகளுக்குக் கதை சொல்வோர் ஆகியோரிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் இருந்தது. மனிதர்களை வகைப்படுத்துவதற்கு உளவியலில் வழங்கும் ஆளுமை வகைகளைக் கொண்டு ஒரு விலங்குக் கதைமாந்தரை உருவாக்க முடியுமா, முடியுமானால் எப்படி என்பதே அது. அக்கடிதங்களுள் எட்டுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஆளுமைத் தேர்வு ஒன்றில் வரும் பதினாறு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என் கதையில் வரும் அணிலுக்குக் கொடுத்தேன். அகமுகமானவள், திட்டமிடுபவள், தர்க்கத்தை நம்புபவள் என்று இரண்டு பக்கம் குறிப்பும் எழுதினேன். கதைக்குள் இறக்கியதும் அவள் அசையவே மாட்டேன் என்கிறாள். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் அனுப்பிய குறிப்பை முழுவதும் படித்தேன். அதில் அணில் எப்படிப்பட்டவள் என்று சொல்லும் சொற்கள் நிறைய இருக்கின்றன. அவள் செய்யும் காரியம் ஒன்றுகூட இல்லை. ஆளுமை வகைகளின் விளக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கும். தன்னை அறிந்துகொள்ள விரும்பும் ஒருவர் படித்து, ஆம், இது நான்தான் என்று தலையசைப்பதற்காக எழுதப்பட்டவை அவை. அவற்றைக் கொண்டு ஒரு காட்சியை நடத்த முயன்றால் தடுமாற்றம் வருவது இயல்பு.

இந்தப் பதினாறு வகைகளும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால், அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில், ஒருவரின் கவனம் வெளியுலகை நோக்கிச் செல்கிறதா உள்ளுலகை நோக்கிச் செல்கிறதா என்பதையும், அவர் உலகை எவ்வாறு அறிகிறார், எவ்வாறு முடிவெடுக்கிறார் என்பதையும் கொண்டு மனிதர்களை வகை பிரித்தார். அமெரிக்காவைச் சேர்ந்த கேதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் அதை வளர்த்தெடுத்து, நான்காவதாக ஓர் இணையையும் சேர்த்து, 1940களில் ஒரு வினாத்தாளாக அமைத்தார்கள். இரண்டிரண்டாக நான்கு இணைகள் சேர்ந்து பதினாறு வகைகள் ஆயின. ஆனால் மக்களை உண்மையில் அளந்து பார்த்தால் பெரும்பாலோர் ஒவ்வோர் இணையிலும் நடுப்பகுதிக்கு அருகிலேயே இருக்கிறார்கள். அந்த நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் வேறொரு வகை என்று பிரிப்பதால், சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மறுபடியும் எழுதுகிறவர்களில் கணிசமானோருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. அதனால்தான் இதை வைத்து ஒருவருக்கு வேலை கொடுப்பதையோ மறுப்பதையோ உளவியலாளர்கள் ஏற்பதில்லை. கதை எழுதுகிறவருக்கு இந்தக் குறை பெரிய இடையூறு ஆகாது. நமக்கு அந்த நான்கு இணைகளும் நான்கு கேள்விகளாகப் பயன்பட்டால் போதும்.

களைத்துப்போனால் உங்கள் அணில் கூட்டத்தைத் தேடுவாளா, பொந்தைத் தேடுவாளா? கண்ணெதிரே இருப்பதை நம்புவாளா, நடக்கப்போவதாகத் தனக்குத் தோன்றுவதை நம்புவாளா? இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எது சரி என்று பார்ப்பாளா, யாருக்கு வலிக்கும் என்று பார்ப்பாளா? முடிவெடுத்துவிட்டால் அவளுக்கு நிம்மதியா, முடிவைத் தள்ளிப்போட்டால் நிம்மதியா? இவற்றுக்கு விடை எழுதும்போது குணத்தின் பெயரை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ‘அவள் அகமுகமானவள்’ என்பதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியாது. ‘மழை விட்டதும் மற்ற அணில்கள் எல்லாம் ஒரே கிளையில் நெருக்கியடித்து வெயில் காய, இவள் மட்டும் ஈரம் சொட்டும் கிளையிலேயே இருந்துகொண்டாள்’ என்று எழுதினால், அடுத்த வரி தானாக வந்து நிற்கும்.

இனி, அணிலின் உடம்புக்கு வருவோம். உங்கள் குறிப்பில் அது அறவே இல்லை. சாம்பல் அணில்கள் கொட்டைகளை ஓரிடத்தில் குவிக்காமல் பல இடங்களில் தனித்தனியாகப் புதைத்து வைக்கும். மற்றோர் அணில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவை சில நேரங்களில் ஒரு காரியம் செய்வதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். குழி தோண்டி, கொட்டையை உள்ளே வைப்பதுபோல் மூக்கை அழுத்தி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வேறிடம் போய்விடும். குழி வெறும் குழிதான்.

உங்கள் அணிலை இந்தப் பொய்க்குழியின் அருகே கொண்டுவந்து நிறுத்துங்கள். பார்த்துக்கொண்டிருப்பது அவளுடைய தங்கையாக இருக்கட்டும். திட்டமிடுபவள் தங்கைக்கு முன்னாலும் பொய்க்குழி தோண்டுவாளா? தோண்டிவிட்டாள் என்றால், மறுநாள் பசியோடு வந்த தங்கை அந்தக் குழியைக் கிளறிக்கொண்டிருப்பதை மேல்கிளையிலிருந்து பார்க்க நேர்ந்தால் இறங்கி வருவாளா? இரண்டு பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கும் குணங்கள் அனைத்தும் இந்த ஒரு கணத்தில் ஒன்றோடொன்று மோதும். இந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். குறிப்பை அதன்பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: பதினாறு வகை, ஒன்பது வகை, ஐந்து கூறுகள், பழைய நான்கு குணங்கள் என்று பல முறைகள் இருக்கின்றனவே, விலங்குக் கதைமாந்தருக்கு எது பொருந்தும்?

பதில்: என் தேர்வு ஐந்து கூறுகள் கொண்ட முறை. புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத் தன்மை, இணக்கம், உணர்ச்சித் தளம்பல் என்பன அந்த ஐந்து. இவற்றில் பெட்டிகள் கிடையாது. ஒவ்வொன்றும் குறைவிலிருந்து கூடுதல் வரை நீளும் ஓர் அளவுகோல். ‘அகமுகமா, புறமுகமா’ என்று கேட்காமல் ‘எவ்வளவு’ என்று கேட்பதால் ஒரே இனத்தில் பத்து விலங்குகளைப் படைத்தாலும் பத்தும் வேறாக நிற்கும்.

இதைத் தேர்ந்தெடுக்க மற்றொரு காரணமும் உண்டு. விலங்குகளிடமே இந்தக் கூறுகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். சாமுவேல் காஸ்லிங், ஆலிவர் ஜான் என்னும் இருவர் 12 விலங்கினங்களைப் பற்றிய 19 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புறமுகத் தன்மை, உணர்ச்சித் தளம்பல், இணக்கம் ஆகிய மூன்றும் பல இனங்களில் தென்பட்டன. பொறுப்புணர்வு மட்டும், மனிதரை விட்டுவிட்டால், சிம்பன்சிகளிடம் மட்டுமே தனிக் கூறாகத் தெரிந்தது. அதற்கு முன்பே 1993இல் ஜெனிஃபர் மேதரும் ரோலண்ட் ஆண்டர்சனும் 44 ஆக்டோபஸ்களைத் தனித்தனியே கவனித்து, ஒன்று துடிப்பானது, ஒன்று எளிதில் சீண்டப்படுவது, ஒன்று ஒதுங்கிப்போவது என்று அவற்றுக்கிடையே வேறுபாடு இருப்பதைக் காட்டியிருந்தார்கள். ஆகவே ஓர் ஆக்டோபஸுக்குக் கூச்ச சுபாவம் கொடுப்பது வெறும் கற்பனை ஆகிவிடாது. எறும்புக்குப் பொறுப்புணர்வைக் கொடுக்கும்போதோ, அங்கே மனிதருக்குரிய ஒன்றை அதன் தலையில் ஏற்றுகிறோம் என்பதை உணர்ந்து ஏற்ற வேண்டும். ஏற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எறும்புப் புற்றில் ஒரே ஓர் எறும்பு மட்டும் தான் செய்வது கடமை என்று உணரத் தொடங்கினால், அதுவே ஒரு கதைக்குப் போதுமான தொடக்கம்.

நான்கு குணங்கள் கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தவை. உடலில் உள்ள நான்கு நீர்மங்களே குணத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த மருத்துவம் காலாவதியாகிவிட்டது. ஆனாலும் ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் தம் ஆய்வுக்கூடத்து நாய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வதைக் கண்டு, அவற்றை அந்தப் பழைய நான்கு பெயர்களோடு ஒப்பிட்டார் என்பது நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. ஒன்பது வகை முறையை அறிவியலாக நான் கொள்வதில்லை. ஆனால் அது ஒவ்வொரு வகைக்கும் அடியில் ஓர் அச்சத்தை வைக்கிறது. நீண்ட கதை எழுதுவோர் அந்த ஒரு கேள்வியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: இந்த விலங்கு எதற்கு மிகவும் அஞ்சுகிறது?

கேள்வி: நரி தந்திரம், ஆந்தை ஞானம், கழுதை முட்டாள் என்று எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றி, அறிவாளிக் கழுதை, அப்பாவி நரி என்று எழுதலாமா?

பதில்: எழுதலாம். ஆனால் தலைகீழாக மாற்றினாலும் அதே முத்திரைதான் கண்ணாடியில் தெரியும். வாசகருக்கு முதல் பக்கத்தில் ஒரு வியப்பு கிடைக்கும். மூன்றாம் பக்கத்தில் அது தீர்ந்துபோகும். அதைவிட, அந்த முத்திரை அந்த விலங்கின்மேல் ஏன் விழுந்தது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மனிதர் ஒரு செயலை உண்மையாகவே பார்த்திருப்பார்கள்; அதற்குத் தவறான பெயர் வைத்திருப்பார்கள்.

கழுதையையே எடுத்துக்கொள்வோம். அச்சமூட்டும் ஒன்றைக் கண்டால் குதிரை பெரும்பாலும் ஓடும். கழுதை பெரும்பாலும் நின்றுவிடும். கழுதையின் மூதாதையரான ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதைகள் வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் வாழ்ந்தவை. அங்கே பார்க்காமல் பாய்கிற கால் முறியும். ஆகவே நிற்கும், காதைத் திருப்பும், முகரும், பாதுகாப்பானது என்று தனக்குத் தெரிந்த பிறகே அடுத்த காலை எடுத்து வைக்கும். முதுகில் சுமையை ஏற்றிவிட்டு அவசரத்தோடு கயிற்றை இழுப்பவருக்கு இது பிடிவாதமாகத் தெரிந்தது. கூடவே முட்டாள் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இனி இந்த உடம்புக்குள் ஓர் ஆளுமையை வைத்துப் பார்க்கலாம். எச்சரிக்கையான விலங்குக்கு எச்சரிக்கையான குணத்தையே கொடுத்தால் இரண்டும் ஒரே திசையில் போகும், கதை நகராது. இணக்கம் மிகுந்த ஒரு கழுதையைக் கற்பனை செய்யுங்கள். தன்னை அழைத்துச் செல்பவர் முகம் வாடக் கூடாது, ‘நல்ல பிள்ளை’ என்ற சொல்லைக் கேட்க வேண்டும் என்று ஏங்கும் கழுதை அது. அதை ஒரு மரப்பாலத்தின் முன் நிறுத்துங்கள்:

‘முதல் பலகையில் முன்காலை வைத்தது, எடுத்துவிட்டது. காதுகள் இரண்டும் பாலத்தை நோக்கிக் குவிந்தன. கயிறு இறுகியது. போக வேண்டும் என்றுதான் அதற்கும் ஆசை. அவர் தோளைப் பார்த்தது; தோள் கோபத்தில் உயர்ந்திருந்தது. மறுபடியும் காலைத் தூக்கியது. கால் பலகையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. மன்னியுங்கள் என்று சொல்வதற்கு அதனிடம் இருந்தது ஒரு பெருமூச்சு மட்டுமே.’

அந்தக் கழுதையின் ஆளுமை முழுவதும் தூக்கிய காலுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில் இருக்கிறது. மனம் ஒன்றைச் சொல்ல, இனத்தின் உடம்பு மற்றொன்றைச் சொல்கிறது. பல ஆண்டுகளாக விலங்குக் கதைகளைப் படித்துத் திருத்தி வருகிறேன். மனத்தில் நின்றுபோன கதைமாந்தர்களில் பெரும்பாலானவை இப்படித் தம் உடம்போடு ஏதோ ஒரு வழக்கு வைத்திருந்தவைதான்.

மற்ற விலங்குகளையும் இதே முறையில் அணுகுங்கள். ஆந்தையின் கண்கள் குழியில் அசையாமல் பொருந்தியிருப்பதால் பக்கவாட்டில் பார்க்க அது தலையையே திருப்ப வேண்டும். அந்த நிலைத்த பார்வைக்குத்தான் ஞானம் என்று பெயர் வைத்தோம். கழுதைப்புலியைக் கோழை, எச்சில் தின்னி என்கிறோம். புள்ளிக் கழுதைப்புலிகள் தாமே வேட்டையாடுபவை. கூட்டத்தை நடத்துவோர் பெண்கள். பதவி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. 1998இல் 34 கழுதைப்புலிகளின் ஆளுமையை ஆராய்ந்தபோதும் தன்முனைப்பு பெண்களிடமே மிகுந்திருந்தது. ஓநாய்க் கூட்டத்துக்குச் சண்டையிட்டு வென்ற ஒரு தலைவன் இருப்பான் என்ற எண்ணம், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டிலுள்ள கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று டேவிட் மீச் 1999இல் விளக்கினார். ‘அடக்கி ஆளும் தலைவன்’ என்ற குணத்தை ஓநாய்க்குக் கொடுக்க நினைப்பவர்கள், அதைப் பிள்ளைகளை அடக்கி ஆளும் ஒரு தகப்பனாக எழுதிப் பாருங்கள். கதை வேறு ஆழத்துக்குப் போய்விடும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. கூச்ச சுபாவமுள்ள ஒரு பூனையை வரைகிறாள். அதற்குச் சட்டையும் பையும் உண்டு. எவ்வளவு மனிதராக்கலாம், எவ்வளவு விலங்காக விட்டுவைக்கலாம் என்று என்னைக் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: மூன்று காரியங்களை அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பூனை கையால் பொருளைப் பிடிக்குமா? மனிதரோடு பேசுமா, விலங்குகளோடு மட்டுமா? எதைச் சாப்பிடும்? மூன்றாவது கேள்வியைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். அதே கதையில் ஓர் எலி பூனையின் தோழனாக வந்தால், பூனையின் தட்டில் இருப்பது என்ன என்று எந்தக் குழந்தையும் கேட்கும். விடை எதுவாக இருந்தாலும் சரி, நடுக்கதையில் அது மாறக் கூடாது.

சட்டை போட்டாலும் வாலையும் காதையும் மறைத்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்று நம் இலக்கணம் அழைக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. ஒரு தாளை எட்டுக் கட்டங்களாக மடித்து, இந்த எட்டும் அவளுடைய பூனையின் உடம்பில் எப்படித் தெரியும் என்று வரையச் சொல்லலாம். அன்போடு நெருங்கும் பூனை வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு வரும். அஞ்சினால் காதுகளைத் தலையோடு படிய வைத்துக்கொள்ளும். கூச்சமுள்ள பூனைக்கு நட்பாகவும் இருக்க வேண்டும், ஒளியவும் வேண்டும். வால் நிமிர்ந்திருக்க, காது மட்டும் படிந்திருக்கும் பூனையை அவள் வரைந்துவிட்டால், ‘கூச்சம்’ என்ற சொல்லைப் படத்தின் கீழே எழுத வேண்டியதில்லை.

வேறு விலங்குகளுக்கும் இப்படித் தனித்தனி மெய்ப்பாடுகள் உண்டு. முயல் ஆபத்தை உணர்ந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். பாம்புக்கு அசையும் இமைகள் கிடையாது. கூச்சமுள்ள ஒரு பாம்பு பிறர் பார்வையைத் தவிர்க்க விரும்பினாலும் கண்ணை மூட முடியாது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்து ஒரு பாம்பை வரையத் தொடங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: எனக்குத் தேர்வில் வந்த ஆளுமையையே விலங்குக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. தொடக்கத்துக்கு நல்ல வழி அது. ஒரே ஓர் அளவுகோலை மட்டும் மறுகோடிக்கு நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த விலங்கு தவறு செய்ய நீங்கள் விட மாட்டீர்கள். உறவினரையோ நண்பரையோ மாதிரியாகக் கொண்டால், அவர் படித்துத் தன்னை அடையாளம் கண்டு வருந்தாத அளவுக்கு மாற்றிவிட வேண்டியது எழுதுகிறவரின் கடமை.

கேள்வி: என் கதையில் நாய், யானை, முயல், காகம் என்று நான்கு நண்பர்கள். நால்வருக்கும் நான்கு ஆளுமை வகைகள் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நால்வரும் ஒரே குரலில் பேசுவதாக என் தோழி சொல்கிறாள்.

பதில்: உங்கள் தோழி சொல்வது சரிதான். நீங்கள் அனுப்பிய பகுதியில் பெயர்களை மறைத்துவிட்டுப் படித்தேன்; யார் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. பேச்சுநடையை மாற்றுவதில் நீங்கள் நிறைய உழைத்திருக்கிறீர்கள். ஒருவர் சுருக்கமாகப் பேசுகிறார், ஒருவர் அடிக்கடி சிரிக்கிறார். அது மேற்பூச்சு. ஒருவர் எதைக் கவனிக்கிறார் என்பதிலிருந்துதான் குரல் பிறக்கிறது. விலங்குகளுக்கோ கவனிக்கும் உலகமே இனத்துக்கு இனம் வேறு.

நால்வரையும் ஓர் ஆற்றங்கரையில் இரவில் நிறுத்துங்கள், நீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நாய்க்கு அது மூக்கில் தெரியும்: நேற்றுவரை இல்லாத, தொலைதூரத்து மண்ணின் வாடை. யானை, நாம் கேட்க முடியாத அளவுக்குத் தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும். பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மற்றொரு யானையின் அழைப்பு அதை எட்டியிருக்கும். முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாமே தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது மட்டும் தெரியாது. காகம் மனித முகங்களை நினைவில் வைத்திருக்கும். கரையில் விளக்கோடு நிற்பவர் யார் என்பதே அதற்கு முதல் செய்தி. இதற்கு மேல் ஆளுமையை ஏற்றுங்கள். உணர்ச்சித் தளம்பல் மிகுந்த நாய் வாடையைச் சொல்வதற்குள் மூன்று முறை சுற்றிவரும். இணக்கம் மிகுந்த யானை, தனக்கு வந்த அழைப்பைச் சொன்னால் மற்றவர்கள் கலங்குவார்கள் என்று மறைத்துவிடும். புதியதை நாடும் முயல், காலடியில் வந்துவிட்ட நீரைப் பார்க்காமல், தொலைவில் மிதந்து வரும் மரத்தைக் கண்டு மகிழும். இணக்கம் குறைந்த காகம், ‘அவர் போன கோடையில் என்மேல் கல் எறிந்தவர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளை மாறும். இந்த நால்வரின் பேச்சையும் பெயர் போடாமலே எழுதலாம்.

கேள்வி: ஆக்டோபஸை நாயகனாக வைத்து எழுத ஆசை. அதற்கு எந்த ஆளுமை பொருந்தும்?

பதில்: அதன் நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் இருக்கிறது, ஒவ்வொரு கையும் ஓரளவு தானாகவே தேடும், தொடும், பிடிக்கும். எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பும் ஆளுமையை அதற்குக் கொடுங்கள். அது ஒரு முடிவெடுக்கும். எட்டுக் கைகளில் ஒன்று அதற்குள் பாறை இடுக்கில் வேறெதையோ பிடித்திருக்கும். நகைச்சுவையும் வரும், துயரமும் வரும். அதன் வாழ்நாள் பல இனங்களில் ஓரிரண்டு ஆண்டுகளே என்பதையும் மறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடிக்க விரும்பும் ஒருவருக்கு அந்தக் காலம் மிகக் குறைவு.

கேள்வி: கதை முடியும்போது கதைமாந்தரின் ஆளுமை மாறியிருக்க வேண்டும் என்று சொல்கிறார்களே? பயந்த மான் வீரமுள்ள மானாக மாறினால்தானே கதை? அப்படி மாற்றி எழுதியும், எழுதியது எனக்கே பொய்யாகப் படுகிறது. குறிப்பு, காட்சி எல்லாம் தயாராக இருக்கின்றன. கதைமாந்தர் சரியாக அமைந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பொய்யாகப் படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆளுமைக் கூறுகள் எளிதில் மாறுபவை அல்ல. நாற்பது பக்கத்தில் ஒரு மானின் அச்சம் கரைந்துபோனால், அது தொடக்கத்திலேயே அச்சமாக இருந்ததில்லை என்றுதான் வாசகர் நினைப்பார். கூறு அப்படியே இருக்கட்டும். மான் செய்யும் தேர்வு மாறட்டும். கால் நடுங்க, காது திரும்ப, ஓடத் துடிக்கும் உடம்போடு குட்டியின் அருகில் நிற்கும் மானை எழுதுங்கள். நடுக்கம் கடைசி வரியிலும் இருக்க வேண்டும்.

அச்சத்தைக் குறையாக எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். நெதர்லாந்தில் ‘கிரேட் டிட்’ என்னும் சிறு பறவைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். புதிய இடத்தில் விட்டால் சில பறவைகள் விரைந்து சுற்றிப் பார்க்கும்; சில தயங்கித் தயங்கிப் பார்க்கும்; இந்த வேறுபாடு ஓரளவு மரபுவழி வருகிறது. விரைகிறவை சில ஆண்டுகளில் நன்றாகப் பிழைத்தன. தயங்குகிறவை வேறு சில ஆண்டுகளில் நன்றாகப் பிழைத்தன. அந்தந்தக் குளிர்காலத்தில் இரை எவ்வளவு கிடைத்தது என்பதைப் பொறுத்து அது மாறியது. அதனால்தான் இரண்டு வகையும் அந்தக் காட்டில் இன்றும் இருக்கின்றன. உங்கள் கதையின் காட்டிலும் பயந்த மானுக்கு ஏற்ற ஓர் ஆண்டு வரலாம்; துணிந்த மான் அந்த ஆண்டில் என்ன செய்யும் என்றும் எழுதலாம்.

சோதித்துப் பார்ப்பதற்கு நான் கையாளும் வழி ஒன்றுண்டு. கதைமாந்தரின் பெயரையும் இனத்தையும் எடுத்துவிட்டு, ஒரு காட்சியை மட்டும் கதை தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். ‘யாரோ ஒரு பையன்’ என்று அவர் சொன்னால், விலங்கின் உடம்புக்குத் திரும்பிப் போய் அதன் கண், காது, மூக்கு, கால் ஆகியவற்றிலிருந்து மறுபடியும் எழுதுவேன். ‘ஏதோ ஒரு மான்’ என்று சொன்னால், ஐந்து அளவுகோல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதே இடத்தில் வேறொரு மான் என்ன செய்திருக்கும் என்று எழுதிப் பார்ப்பேன். இரண்டு மான்களும் ஒரே காரியத்தைச் செய்தால் அந்தக் காட்சியை எடுத்துவிடுவேன். நீங்கள் அனுப்பிய நான்கு காட்சிகளில் ஓடை கடக்கும் காட்சி ஒன்றுதான் இந்தச் சோதனையில் தேறுகிறது. அதில் உங்கள் மான் நீரைக் குடிக்கக் குனிந்துவிட்டு, குடிக்காமலே தலையை உயர்த்துகிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.